ஹாட் சீட்: சுடுகிற இருக்கையா, ஆடுகிற நாற்காலியா?

டிவி வினாடி வினா பார்த்துப் பழகிய நமக்கு ‘ஹாட் சீட்’ என்றால் பரிசுப் பணத்துக்காக ஒருவர் ஆசையோடு போய் உட்காருகிற இடம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அங்கே யாரும் ஆசைப்பட்டு உட்காருவதில்லை. வேலை இன்னும் போகவில்லை, அடுத்த சனிக்கிழமை தோற்றால் போய்விடும் என்ற நிலையில் இருக்கும் தலைமைப் பயிற்சியாளரைத்தான் ‘ஹாட் சீட்டில் இருக்கிறார்’ என்கிறார்கள். (கால்பந்து என்றதும் நம் ஊர் ஃபுட்பாலை நினைக்க வேண்டாம். இது நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.)

பிறந்த இடம் கொஞ்சம் கொடூரமானது. மரண தண்டனைக்கான மின்நாற்காலிக்கு 1920-களில் அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் வழங்கிய பெயர் இது. பிறகு கேள்விக் கணைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவரின் இடத்துக்கும், அப்புறம் பறிபோகவிருக்கும் பதவிக்கும் வந்து சேர்ந்தது. மின்நாற்காலியில் முதல் தண்டனை 1890 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் நிறைவேறியது. அலபாமாவில் இன்னொரு ஆபர்ன் உண்டு, பல்கலைக்கழக ஊர். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் அந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் அப்படி நினைப்பார்களா என்பது சந்தேகம். ஜீன் சிஸிக் 2010 பருவத்தில் தேசியப் பட்டமே வென்று தந்தார். 2012-ல் 12 ஆட்டங்களில் 3 மட்டும் ஜெயித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சூடு எப்போதும் தோல்வியிலிருந்து வருவதில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 2003-ல் 9 ஆட்டம் வென்று 3-ல்தான் தோற்றிருந்தது. வேறு ஊராக இருந்தால் மாலை போட்டிருப்பார்கள். பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சுக்கோ வேலை போனது. 1994, 1995, 1997 என மூன்று பட்டங்களைப் பார்த்துவிட்ட ஊர் அது.

சரி, அனுப்புவது சும்மா நடக்குமா? பல ஆண்டு ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் பல்கலைக்கழகம் பெருந்தொகை தர வேண்டும். இதை ‘பைஅவுட்’ என்பார்கள். முறிவுத்தொகை எனலாம். அதே நெப்ராஸ்காவில் 2022-ல் ஸ்காட் ஃபிராஸ்டை அனுப்ப 1.5 கோடி டாலர் ஆகும் என்ற நிலை. அக்டோபர் 1 வரை பொறுத்தால் பாதிதான். செப்டம்பர் 10 அன்று சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45–42 என்று தோற்றார்கள், மறுநாளே அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் காத்திருக்க மனமில்லாததன் விலை 75 லட்சம் டாலர்! அடுத்த ஆண்டு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஏற்றுக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல்.

தமிழில் என்ன சொல்வது? ‘சூடான இருக்கை’ என்றால் வெயிலில் நிறுத்திய பைக் சீட்தான் நினைவுக்கு வருகிறது. ‘அனலிருக்கை’ வினாடி வினாவுக்குப் பொருந்தலாம். ‘முள்மேல் உட்கார்ந்திருக்கிறார்’ என்பது உட்கார்ந்தவரின் தவிப்பை மட்டும் சொல்கிறது. நம்மிடம் ஏற்கெனவே புழங்குவது ‘நாற்காலி ஆடுகிறது’. நான்கு கால் இருப்பதால் நாற்காலி, அந்தக் காலைப் பிடித்து ஆட்டுகிறவர்கள் வேறு யாரோ என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் என் ஓட்டு இதற்குத்தான். பெயர்ச்சொல்லாகவே வேண்டுமென்றால் ‘ஆடும் நாற்காலி’. ஊஞ்சல் நாற்காலியோடு குழப்பம் வரும் இடத்தில் ‘ஆட்டங்கண்ட நாற்காலி’.

‘சீட்டுக் கிழிந்தது’ என்பதை இதோடு சேர்க்கக் கூடாது. அது அடுத்த கட்டம். 2013 செப்டம்பரில் யு.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணி அரிசோனா ஸ்டேட்டிடம் 62–41 என்று தோற்று, விடிவதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. அணியின் பஸ்ஸிலிருந்து பயிற்சியாளர் லேன் கிஃபினைக் கீழே அழைத்து, அங்கேயே ஒரு சிறு அறையில் வைத்து வேலை முடிந்தது என்றார்கள். அதற்கு முந்தைய நாள் வரைதான் அவர் ஹாட் சீட்டில் இருந்தார்.