கூண்டு எண் 5, கூண்டு எண் 6: புயல் எந்தப் பக்கம்?

"நாகப்பட்டினத்தில் 5, சென்னையில் 6 என்று கூண்டு ஏற்றினால் சென்னைக்குத்தான் ஆபத்து அதிகமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆமாம், அதிகம்தான். ஆனால் 5-ஐவிட 6 பெரிய எண் என்பது அதற்குக் காரணம் இல்லை.

கூண்டு என்பது துறைமுகத்தின் புயல் எச்சரிக்கை. பகலில் கம்பத்தில் ஏற்றும் கூம்பு, உருளை வடிவங்களும் இரவில் எரியும் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கப்பல்களுக்கான செய்தி. 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலைக் குறிப்பவை. 8, 9, 10 அதைவிடத் தீவிரமான புயலுக்கு. இந்த மும்மூன்றில் முதல் எண், துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருக்கிறது என்று சொல்கிறது, அடுத்தது வலப்பக்கம், மூன்றாவது, துறைமுகத்தின் மேலோ வெகு அருகிலோ கடக்கும் என்று. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

வங்கக் கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழல்கிறது. புயல் மேற்கு நோக்கி வந்தால் அதன் வலப்பக்கமான வடக்கில் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, கடல்நீரை ஊருக்குள் தள்ளும். சுழற்சி மணிக்கு 100 கி.மீ., நகர்வு 20 கி.மீ. என்றால் அங்கே இரண்டும் கூடி ஏறத்தாழ 120 ஆகும். தெற்கில் கழிந்து 80. தெற்கில் வீசுவது தரைக்காற்று. அங்கே கடல் உள்வாங்குவதும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், புயல் எந்தப் பக்கம் என்பதைத் தென்னை ஓலையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். மணிக்கொரு முறை, ஜன்னலுக்கு உள்ளேயே நின்று, ஓலை சாயும் திசையைக் குறித்து வையுங்கள். வாடையாக, அதாவது வடக்குக் காற்றாக, தொடங்கியது வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் புயல் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. வடகிழக்கு, கிழக்கு என்று திரும்பினால் தெற்கே கடக்கிறது. நீங்கள் வலப்பக்கம் மாட்டியிருக்கிறீர்கள். திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறினால் மையம் உங்களை நோக்கியே வருகிறது.

அப்படி வந்தால் நடுவில் காற்று சட்டென்று நின்றுவிடும். புயலின் கண் 20 கி.மீ. அகலம், நகர்வு 20 கி.மீ. என்றால் நட்டநடுவில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் அமைதி. வண்டியை நகர்த்தவும் கூரை ஓடுகளைச் சரிசெய்யவும் ஆட்கள் தெருவில் இறங்குவது இப்போதுதான். கண் நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் அடிக்கும்; ஏற்கெனவே வேர் தளர்ந்த மரமும் ஆணி கழன்ற தகரமும் அப்போது விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது சென்னை இதைக் கண்டது.

தொலைக்காட்சிகள் எண்ணோடு "வலப்பக்கம்", "இடப்பக்கம்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூண்டு எண்ணில் மழையின் அளவு கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது. சென்னை இடப்பக்கம்தான் இருந்தது, ஆனாலும் மழையில் மூழ்கியது. மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைத் தனியே பாருங்கள்: ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். தாழ்வான வீட்டில் இருப்பவர்கள் ஆரஞ்சிலேயே தொட்டியில் தண்ணீரை நிரப்பி, கைபேசிக்கு சார்ஜ் ஏற்றி, தரைத்தளத்துப் பொருள்களை மேலே ஏற்றிவிட வேண்டும்.