டோஃபு நூடுல்ஸ் சாலட்: ‘சைவம்தானே’ என்ற அலட்சியம் வேண்டாம்

வாந்தியும் வயிற்று வலியுமாக வருபவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், அண்மைக்காலமாக அடிக்கடி வரும் பதில் இது: “இறைச்சி, முட்டை, பால் எதையுமே தொடவில்லை டாக்டர், வெறும் வீகன் சாலட்தான்.” துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், நூடுல்ஸை முந்தைய இரவே வேகவைத்து, மூடிபோட்டு, அடுப்படி மேடையிலேயே விட்டுவைத்த விவரம் வெளியே வருகிறது. இந்த வாரம் ஒரு குடும்பமே இப்படி வந்து நின்றதால்தான் இதை எழுதுகிறேன்.

உணவு நஞ்சாவது மாமிசத்தால் மட்டுமே என்ற எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் அது மறைவதாயில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. ஆகவே அது தானியத்தோடும் காய்கறியோடும் இயல்பாகவே சமையலறைக்குள் வந்துவிடுகிறது. கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வித்துகள் (ஸ்போர்கள்) கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த நூடுல்ஸ் வெளியிலேயே மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை உருவாக்குகின்றன. “மறுபடி சூடாக்கிவிட்டோமே” என்பார்கள். அந்த நச்சு 121 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கக்கூடியது என்பதால், மறுசூடு பாக்டீரியாவைக் கொல்லலாமே தவிர நச்சை அழிக்காது. முகர்ந்து பார்த்தும் பயனில்லை. மணமோ சுவையோ மாறாமலேயே நச்சு இருக்கக்கூடும். சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும் என்றாலும், 2008இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், 5 நாள் வெளியில் இருந்த ஸ்பகெட்டியைச் சாப்பிட்ட இளைஞர் ஒருவர் மறுநாளே இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதிலும் மாவுப்பண்டம்தான் காரணம், மாமிசம் அன்று.

சோயாப் பாலிலிருந்து பனீர்போலச் செய்யப்படும் டோஃபுவும் ஈரமும் புரதமும் நிறைந்த, புளிப்பற்ற உணவு. கிருமிகள் வளர இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. மேலே எலுமிச்சைச் சாறு பிழிவதால் அது ஊறுகாய் ஆகிவிடாது. உறையைப் பிரித்த பின் சுத்தமான நீரில் அமிழ்த்தி, குளிர்பெட்டியில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இந்தச் சாலட்டைச் செய்ய அரை மணி நேரம் போதும் என்பதால், முந்தைய நாளே வேகவைப்பதற்குத் தேவையே இல்லை. டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரத்தை ஏற்றி கால் மணி நேரம் நீரை வடியவிட்டு, சோளமாவில் புரட்டி, ஓரம் பொன்னிறமாக முறுகும்வரை வாட்டுங்கள். அதற்குள் நூடுல்ஸ் வெந்துவிடும். வடித்தவுடன் குளிர்ந்த குடிநீரில் அலசினால் விரைவில் ஆறும், ஒட்டவும் ஒட்டாது. முட்டைகோஸ், கேரட், குடைமிளகாய் ஆகியவற்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே மெல்லியதாக நறுக்குங்கள். சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், இஞ்சி சேர்ந்த கலவையைப் பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் அதிலுள்ள உப்பு காய்களின் நீரை இழுத்து, மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். வேகவைக்காத நூடுல்ஸை நொறுக்கி, வெறும் வாணலியில் வறுத்துத் தூவுவது என் விருப்பமான வழி. மொறுமொறுப்பும் கிடைக்கிறது, ஈரமில்லாத அந்தத் துணுக்குகளில் கிருமி பெருகவும் இடமில்லை.

கலந்த சாலட்டை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். வெயில் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் வரம்பு. மதிய உணவுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் பனிக்கட்டிப் பையோடு கொண்டுபோங்கள்.

முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தூவும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே பரவிய ஈ.கோலை என்னும் பாக்டீரியாத் தொற்றில் 3,800க்கும் அதிகமானோர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நன்கு வேகவைத்த முளைகளை மட்டுமே கொடுங்கள்.

விருந்தினருக்குப் பரிமாறும் முன் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். சோயா, கோதுமை, எள், மேலே தூவும் வேர்க்கடலை என நான்கு முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் இந்த ஒரே தட்டில் கூடுகின்றன. சாப்பிட்டபின் வாந்தி வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மயக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.