நடைபாதை: டெண்டருக்கு முன் பார்க்க வேண்டியவை

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான ஆண்டு நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவாக வேண்டும் என்கிறது அது. ஆக, கொள்கைக்குப் பஞ்சமில்லை. நடைபாதை கெடுவது வரைபடத்திலும் செலவு மதிப்பீட்டிலும்தான்.

முதலில் அகலம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி, குடியிருப்புத் தெருவில் 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர் தடையின்றி நடக்க இடம் கேட்கிறது. மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி நிற்கும் பட்டை இதில் சேராது. மதில் சுவரிலிருந்து ஓரக்கல் வரை டேப் பிடித்து அளந்து கணக்கு முடித்துவிடுகிறார்கள். நடுவில் மின்பெட்டி நின்றால் மிஞ்சுவது அரை மீட்டர். பெட்டியை நகர்த்தும் செலவு மதிப்பீட்டிலேயே இல்லையென்றால், ஒப்பந்ததாரர் அதைச் சுற்றிக் கல் பதித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உயரம் இதைவிட மோசம். அது 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மழைநீர் வடிகாலின் மேல்மூடியையே நடைபாதையாக்கும்போது, வடிகால் மட்டம்தான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. பல இடங்களில் 30 செ.மீ. ஆகிவிடுகிறது. சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12, அதாவது 1 செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். பதினைந்து செ.மீ. ஏற 1.8 மீட்டர் போதும், முப்பதுக்கு 3.6 மீட்டர் வேண்டும், அதற்குத் தெருமுனையில் இடமேது? முதியவர்கள் சாலையில் இறங்கி நடப்பது இதனால்தான். வீட்டு வாசல்தோறும் நடைபாதையை வெட்டி இறக்குவதும் தவறு. நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார்.

சைக்கிள் தடத்துக்கு ஒரு திசையில் 2 மீட்டர் தேவை. வெள்ளைக்கோடு மட்டும் போட்டால் மறுநாளே வண்டி நிறுத்துமிடமாகிவிடும். ஓரக்கல்லால் பிரிக்க வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டி நிதியில் 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை, வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்தால் கடைத்தெருவிலும் அகலமாக நடக்க வழி பிறக்கும் என்று காட்டியது. மற்ற தெருக்களிலும் இது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

வேலை தொடங்கியபின் மனு கொடுத்தால் காலம் கடந்துவிடும். பகுதி சபைக் கூட்டத்திலேயே சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். தடையற்ற அகலம், உயரம், மின்பெட்டியை நகர்த்த ஒதுக்கிய தொகை ஆகிய மூன்றும் அதில் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாலையின் பழைய மேற்பரப்பைச் சுரண்டாமல் புதுத் தார் போட அனுமதிக்காதீர்கள். சாலை உயர்ந்தால், அடுத்த முறை நடைபாதையையும் உயர்த்தச் சொல்லித்தான் மதிப்பீடு வரும்.