அபராத நோட்டீஸில் எந்தக் குற்றச்சாட்டு என்று முதலில் பாருங்கள்

உங்கள் வருமானத்தையும் வரியையும் அதிகாரி நிர்ணயிக்கும் வருமான வரி மதிப்பீட்டு ஆணை வரும்போது, போர்ட்டலில் கூடவே இன்னொரு சின்ன நோட்டீஸும் வந்து கிடக்கும். மேலே பிரிவு 274, 270ஏ என்று போட்டிருக்கும். ஆணையில் உள்ள வரித்தொகையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதைச் சரியாகப் படிப்பதில்லை. 'வரியைத்தான் கட்டப்போகிறோமே, அப்புறம் என்ன' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அபராத நடவடிக்கை அந்த நோட்டீஸில்தான் தொடங்குகிறது.

வரி நிர்ணயம் வேறு, அபராதம் வேறு. மதிப்பீட்டு ஆணையில் அதிகாரி எழுதியதை அபராத விசாரணையில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். அதுவே இறுதி முடிவு ஆகிவிடாது. அன்வர் அலி வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதனால் மதிப்பீட்டின்போது நீங்கள் கொடுக்கத் தவறிய விளக்கத்தையும் ஆவணத்தையும் இப்போது புதிதாகக் கொடுக்கலாம்.

270ஏ பிரிவில் இரண்டு நிலைகள் உண்டு. வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால், அப்படிக் குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம். அதையே தவறாகத் திரித்துக் காட்டியதாகக் கருதினால் 200 சதவீதம். வைப்புத்தொகை வட்டி 2 லட்சம் ரூபாயை ரிட்டர்னில் விட்டுவிட்டீர்கள், அதற்கு வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செஸ்ஸை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வரி 40,000. முதல் வகையில் அபராதம் 20,000, இரண்டாவதில் 80,000. வரியும் வட்டியும் தனி.

இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எந்த வகைக் குற்றச்சாட்டு என்று நோட்டீஸ் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வகைக்கு 270ஏ(9) ஆறு சூழல்களைப் பட்டியலிடுகிறது: உண்மைகளை மறைத்தது, கணக்குப் புத்தகத்தில் பொய்ப் பதிவு, ஆதாரமில்லாத செலவுக் கோரிக்கை என்பது போல. ஆறில் எது என்று குறிப்பிடாமல் பொத்தாம்பொதுவாக 'தவறான அறிக்கை' என்று எழுதியது செல்லாது என டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் ஷ்னைடர் எலக்ட்ரிக் வழக்கில் கூறியது.

270ஏ வருவதற்கு முன்பிருந்த பழைய 271(1)(சி) அபராதப் பிரிவிலும் இதே தகராறுதான். அச்சடித்த படிவத்தில் 'வருமானத்தை மறைத்தது', 'தவறான விவரம் தந்தது' இரண்டும் இருக்கும். பொருந்தாததை அதிகாரி கோடிட்டு நீக்காமலே அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட நோட்டீஸ் பிழையானது என்று மஞ்சுநாதா காட்டன் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றமும் (2012-13 வாக்கில்), 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் சொல்லின. சென்னை உயர் நீதிமன்றமோ 2018-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் வேறு விதமாகப் பார்த்தது. குற்றச்சாட்டு என்னவென்று அந்த நிறுவனத்துக்குப் புரிந்தேயிருந்தது, பதிலும் கொடுத்தது, கீழ்நிலை விசாரணைகளில் எங்கும் இந்த ஆட்சேபத்தை எழுப்பவில்லை, ஆகவே அதனால் பாதிப்பு ஒன்றுமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நோட்டீஸில் ஓட்டை இருக்கிறது, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருப்பது ஆபத்து. 'எந்த உட்பிரிவு என்று சொல்லவில்லை' என்பதை முதல் பதிலிலேயே எழுதிவிட்டு, அதன் கீழே உங்கள் விளக்கத்தையும் முழுமையாகக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தரப்பைக் கேட்காமல் அபராதம் போட முடியாது. 274(1) அதைத் தடுக்கிறது. இப்போது பெரும்பாலும் முகம் பாராத முறையில்தான் நடக்கிறது. பதிலைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அவகாசம் போதவில்லை என்றால் கெடு முடிவதற்குள் காரணம் சொல்லிக் கேளுங்கள். காணொலி வழியாக விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேட்கலாம். கேட்டதற்கு எழுத்தில் தடம் இருக்கட்டும். ஒரு சின்ன விஷயம்: மின்னஞ்சலில் வந்த நோட்டீஸ் உண்மையானதா என்று, அதிலுள்ள ஆவண அடையாள எண்ணைப் போர்ட்டலில் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். போலிகளும் உலவுகின்றன.

பதிலில் என்ன எழுதுவது? ரிட்டர்னில் நீங்கள் கேட்ட கழிவுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்பதற்காக மட்டும் அபராதம் வந்துவிடாது. ரிலையன்ஸ் பெட்ரோபுராடக்ட்ஸ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. விளக்கம் நேர்மையானது, தேவையான உண்மைகள் எல்லாவற்றையும் வெளிப்படுத்தியிருக்கிறீர்கள் என்று அதிகாரி திருப்தியடைந்தால், அந்தத் தொகையைக் குறைத்துக் காட்டிய வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது 270ஏ(6). பெரிய ஆடிட் நிறுவனமான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸே ஒருமுறை தன் ரிட்டர்னில் பணிக்கொடை ஒதுக்கீட்டைத் தவறாகக் கழித்துக்கொண்டது. கூடவே கொடுத்த தணிக்கை அறிக்கையில் அதைக் கழிக்க முடியாது என்று தெளிவாகவே இருந்தது! கவனப்பிழைதான், மறைக்கும் எண்ணமில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது. மேலே சொன்ன வட்டி உதாரணத்திலும், படிவம் 26ஏஎஸ்-இல் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) வங்கி காட்டிய வட்டியை நீங்கள் ஒளித்திருக்க முடியாது என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஜெயிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

சண்டை வேண்டாம் என்றால் 270ஏஏ பிரிவு இருக்கிறது. வரியையும் வட்டியையும் டிமாண்ட் நோட்டீஸ் சொன்ன காலத்துக்குள் கட்டி, மதிப்பீட்டு ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யாமல், படிவம் 68-இல் அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆணை கிடைத்த மாதம் முடிந்ததிலிருந்து ஒரு மாதம் அவகாசம்: ஜனவரி 10-இல் கிடைத்தால் பிப்ரவரி முடியும் வரை. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதற்கு முன்பும் உங்களைக் கேட்டாக வேண்டும். 2016 நிதிச் சட்டம் இந்தப் பிரிவைச் சேர்த்தபோது 200 சதவீத வகைக்கு இந்த வழி தரவில்லை. நோட்டீஸில் எந்த வகை என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

மேல்முறையீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், அது முடியும் வரை அபராதத்தை நிறுத்திவைக்கும்படி எழுதிக் கேளுங்கள். அதிகாரி உங்கள் வருமானத்தில் கூட்டிய தொகையே மேல்முறையீட்டில் ரத்தானால் அபராதத்துக்கு அடிப்படை போய்விடும். அபராத ஆணை வந்துவிட்டால் அதற்குத் தனியாக மேல்முறையீடு போட வேண்டும். ஆணை கிடைத்து 30 நாளுக்குள், படிவம் 35-இல், ஆணையர் (மேல்முறையீடு) முன்பு.

இங்கே சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை. 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. பிரிவு எண்கள் அதில் வேறு. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் அபராத விதிகளும் மாறுவதால், நோட்டீஸ் எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்த்து, அந்த ஆண்டுக்குப் பொருந்தும் சட்டத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.