எல்லா அலைக்கும் ஒரே காது

கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி கருவி என் மேசையில் கிடக்கிறது. கணினியில் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதிலுள்ள சில்லு, ஆன்டெனாவில் விழுந்த சமிக்ஞையைப் படமாக்காமல் வெறும் எண்களாகவே கணினிக்கு அனுப்பும் என்று 2012 வாக்கில் பொழுதுபோக்காக வானொலிக் கருவிகளோடு விளையாடும் ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். அதன்பின் அது தொலைக்காட்சிக் கருவியாக நீடிக்கவில்லை. ஒரு மென்பொருளை ஓட்டினால் எஃப்எம் பாடுகிறது. இன்னொன்றை ஓட்டினால், விமானங்கள் 1090 மெகாஹெர்ட்சில் தங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டு போவது வரைபடத்தில் தெரிகிறது.

ஒரு மாலை அதை நல்ல ஆன்டெனாவோடு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்குரிய 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் அங்கே சினிமாப் பாட்டு! அருகிலிருந்த எஃப்எம் கோபுரத்தின் ஒலி, தனக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் ஆவிபோல எழுந்து நின்றது. கருவியில் பழுதில்லை. கோபுரத்தின் பலத்தில் அதன் முதல் பெருக்கி திணறி, இல்லாத அலைகளைத் தானே உண்டாக்கிக்கொண்டிருந்தது. எதையும் கேட்கும் காதுக்கு, வேண்டாததை ஒதுக்கத் தெரியவில்லை.

கைபேசி வடிவமைப்பவர்களின் தலைவலியும் இதுதான். 2ஜி அலைவரிசை ஒன்றின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 3ஜிக்கு 5 மெகாஹெர்ட்ஸ், 4ஜிக்கு 1.4 முதல் 20 வரை. 6 கிகாஹெர்ட்சுக்குக் கீழுள்ள 5ஜி 100 மெகாஹெர்ட்ஸ் வரை விரிகிறது. வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் எல்லாம் தனி. இத்தனையையும் ஒரே ரிசீவர் கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்கும்போது மற்றவற்றின் கூச்சல் காதில் ஏறக் கூடாது. அந்தக் கூச்சல் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 2ஜியின் ஜிஎஸ்எம் தரநிலையில் ஒரு சோதனை உண்டு. கைபேசிக்குரிய அதிர்வெண் பட்டைக்கு வெளியே, நமக்கு வேண்டிய சமிக்ஞையைவிடச் சுமார் 800 கோடி மடங்கு திறன் கொண்ட அந்நிய சமிக்ஞை ஒன்றை நிறுத்துவார்கள். அப்போதும் உரையாடல் கேட்க வேண்டும்.

பழைய வானொலிக்கு இந்தச் சிக்கலை அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இலேயே அழகாகத் தீர்த்தார். வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை ஒவ்வொரு நிலையத்துக்கும் நகர்த்துவது கடினம். ஆகவே வடிகட்டியை ஓரிடத்தில் நட்டுவிட்டு நிலையத்தை அதனிடம் வரவழைத்தார். வந்த அலையோடு கருவிக்குள்ளேயே உண்டாக்கிய இன்னோர் அலையைக் கலந்தால், இரண்டின் வித்தியாச அதிர்வெண் பிறக்கும். டிரான்சிஸ்டர் வானொலியில் நாம் குமிழைத் திருகும்போது, எந்த மத்திய அலை நிலையமானாலும் சுமார் 455 கிலோஹெர்ட்சுக்கு இறங்கி வந்து, அங்கே காத்திருக்கும் கச்சிதமான வடிகட்டிக்குள் நுழைகிறது.

அந்தக் கச்சிதமே கைபேசிக்கு ஆகாமல் போயிற்று. வடிகட்டியின் அகலம் நிரந்தரம். 200 கிலோஹெர்ட்சுக்கு அளவெடுத்த சட்டையை 20 மெகாஹெர்ட்சுக்கு மாட்ட முடியாது. எனவே 1990களில் பொறியாளர்கள் அந்த வித்தியாச அதிர்வெண்ணைச் சுழியாகவே (பூச்சியமாகவே) வைத்துக்கொள்ளும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். வேண்டிய அலை நேராகச் சுழிக்கு இறங்கிவிட்டால், தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் எளிய வடிகட்டி போதும். சில்லுக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகளைச் சேர்த்தும் கழற்றியும் அதன் அகலத்தை மாற்றலாம். ஆனால் உள்ளே உண்டாக்கும் அலை கசிந்து தன்னோடு தானே கலந்தால், அதுவும் சுழியிலேயே வந்து உட்காரும். சமிக்ஞையின் நடுவில் தூண்போல் நிற்கும் அந்த மாறா மின்னழுத்தத்தை அளந்து கழிப்பதற்கே தனிச் சுற்றுகள் வேண்டியிருந்தன.

இவ்வளவு ஏன், ஆன்டெனாவிலேயே எல்லாவற்றையும் எண்களாக்கி மிச்சத்தை மென்பொருளிடம் விட்டுவிடலாமே? 1990களின் தொடக்கத்தில் ஜோசப் மிட்டோலா முன்வைத்த ‘மென்பொருள் வானொலி’யின் இலட்சிய வடிவம் அதுதான். கணக்கு இடித்தது. 6 கிகாஹெர்ட்ஸ் வரை அப்படியே எண்களாக்க நொடிக்கு 1,200 கோடி மாதிரிகள் எடுக்க வேண்டும், அதாவது அத்தனை முறை சமிக்ஞையை அளக்க வேண்டும். அந்தச் சோதனையின் 800 கோடி மடங்குத் திறன், மின்னழுத்தத்தில் சுமார் 90,000 மடங்கு. என் கருவி சமிக்ஞையை எண்ணாக்கும் 8 பிட் அளவுகோலில் இருப்பதோ 256 படிகள். கூச்சலுக்கு ஏற்ப அளவுகோலை விரித்தால், வேண்டிய குரல் முதல் படிக்கும் கீழே கிடக்கும். படியும் வேகமும் ஒருசேர ஏறினால் மின்செலவைக் கைபேசி மின்கலம் தாங்காது.

2006இல் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அசாத் அபிதியின் குழு 800 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரிசீவரை வெளியிட்டது. அவர்கள் சமிக்ஞையைக் கணநேரம் எட்டிப் பார்த்து மாதிரி எடுக்கவில்லை. ஒரு சிறு இடைவெளி முழுவதும் மின்னூட்டத்தைச் சேர்த்து அளந்தார்கள். மாதிரி எடுக்கும்போது வேண்டிய அலைபோல வேடமிட்டு உள்ளே நுழையக்கூடிய அந்நிய அலைகள், சரியாக அந்த இடைவெளிக்குள் முழுச் சுற்றுகளை முடித்துவிடும். ஏறியதும் இறங்கியதும் கழிந்து கூட்டுத்தொகை சுழியாகும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. வடிகட்டி என்று தனியாக ஒன்றை வைக்காமலே வடிகட்டிவிடுகிறது.

ஆன்டெனா வாசலில் நிற்கும் காவலாளி மட்டும் இன்னும் மாறவில்லை. கைபேசிகளில் பட்டைக்கு ஒன்றாக, படிகத்தின் மேல் சமிக்ஞையை ஒலியலையாக ஓடவிடும் வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றின் அதிர்வெண் தயாரிக்கும்போதே பொருளின் அளவுகளால் முடிவாகிவிடுகிறது. பிறகு திருப்ப வழியில்லை.

இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1960இல் எழுதப்பட்ட ஒரு யோசனை அரை நூற்றாண்டு கழித்து உயிர்பெற்றது. ஒரு குடைராட்டினத்தைச் சுற்றி நான்கு பேர் முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகக் கண் திறக்கிறார்கள் என்று வையுங்கள். ராட்டினமும் அதே வேகத்தில் சுற்றினால், ஒவ்வொருவருக்கும் எப்போதும் ஒரே குதிரைதான் தெரியும். வேகம் மாறினால் குதிரைகள் மாறி மாறி வந்து எல்லாம் கலங்கிவிடும். நான்கு பேருக்குப் பதில் நான்கு மின்தேக்கிகள், இமைகளுக்குப் பதில் சுவிட்சுகள். சுவிட்சுகளின் வேகத்துக்கு இசைந்த அலை மின்தேக்கிகளில் நிலைக்கும். மற்றவை சராசரியில் அழியும். வேறு அதிர்வெண் வேண்டுமா? சுவிட்சுகளை இயக்கும் கடிகாரத்தின் வேகத்தை மாற்றினால் போதும், வடிகட்டி நகர்ந்துவிடும்! ஆனால் மும்மடங்கு வேகத்தில் சுற்றும் ராட்டினமும் அதே குதிரையைக் காட்டி ஏமாற்றும். அதைத் தடுக்க மின்தேக்கியும் சுவிட்சும் சேர்ந்த பாதைகளை நான்குக்கு மேல் கூட்டினால், கடிகாரத்துக்குச் செலவாகும் மின்சாரமும் கூடும். படிக வடிகட்டிகள் வேலையிழக்காததற்கு இது ஒரு காரணம்.

என் கதைக்கு வருகிறேன். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டும் ஒரு சிறு வடிகட்டியை வாங்கி ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் திருகினேன். 145இல் பாட்டு நின்றுவிட்டது. இப்போது அங்கே சீரான இரைச்சல். யாராவது பேசினால் கேட்கும்.