‘நீங்க சொல்லுங்க... இல்ல, நீங்க சொல்லுங்க’

ஆன்லைன் மீட்டிங்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். இருவரும் நிறுத்துவார்கள். “நீங்க சொல்லுங்க சார்.” “இல்ல, நீங்க சொல்லுங்க.” மறுபடியும் இருவரும் சேர்ந்தே ஆரம்பிப்பார்கள். யார்மேலும் தப்பில்லை. எல்லாம் மில்லிநொடிகள் செய்கிற வேலை.

நேரில் பேசும்போது கேள்வி முடிந்து பதில் தொடங்க சராசரியாக 200 மில்லிநொடிதான் ஆகிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வு சொன்ன கணக்கு இது. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவே.

இணையத்தில் குரல் முழுசாகப் போவதில்லை. பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, பாக்கெட்டுகளாக்கி அனுப்புகிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய 13,500 கி.மீ.; அதற்கே 67 மில்லிநொடி. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நிஜத்தில் 100-ஐத் தாண்டும். முன்பின்னாக வந்துசேரும் பாக்கெட்டுகளை வரிசைப்படுத்த ‘ஜிட்டர் பஃபர்’ சில பத்து மில்லிநொடி காத்திருக்கும். ப்ளூடூத் இயர்போன் தன் பங்குக்கு இன்னும் கூட்டும்.

ஒருவழித் தாமதம் 250 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முடித்தது எதிராளிக்குக் கேட்க 250, அவர் வாய் திறக்க 200, அது உங்களுக்கு வந்துசேர மறுபடி 250. மொத்தம் 700 மில்லிநொடி அமைதி. ‘யாரும் பேசலையே’ என்று நீங்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போகும்போது அவர் குரல் வந்து மோதும். அவர் காதுக்கோ, குறுக்கே பேசியவர் நீங்கள்தான்! ஒருவழித் தாமதம் 150-க்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டவே கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டியும் குரல் இழுக்கிறதா? வீட்டில் யாருடைய போனோ கிளவுடுக்கு வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் அந்த டேட்டா வரிசைகட்டி நிற்க, குரல் பாக்கெட்டும் அதன் பின்னால் நிற்கிறது. அப்லோடு வேகத்துக்கு இணைப்பின் 90 சதவீத அளவில் ரவுட்டரிலேயே வரம்பு வைத்தால், எந்த டேட்டாவும் நீண்ட வரிசையில் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் ‘வரிசை மேலாண்மை’ வசதியுள்ள ரவுட்டர்களில் இது பெரும்பாலும் சரியாகும். லேன் கேபிளும் வயர் இயர்போனும் மாட்டினால் இன்னும் நல்லது.

மிச்சத்தை அலுவலகம்தான் சரிசெய்ய வேண்டும். இந்த மோதலில் எப்போதும் விட்டுக்கொடுப்பவர் புதிதாகச் சேர்ந்தவர். மேலாளர் பேசிக்கொண்டே போவார். கை தூக்கும் பட்டனைவிட, தலைமை ஏற்பவர் பெயர் சொல்லி அழைப்பது பலன் தரும். அதைவிட நல்லது, முடிவுகளை எழுத்துக்குக் கொண்டுபோவது. என்ன முடிவு வேண்டும், எந்தெந்த வழிகள் உள்ளன, யார் முடிவெடுப்பார், எப்போதுக்குள் என்று ஒரு பக்கம் எழுதி முதல்நாளே பகிர்ந்தால், கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கிய நியூயார்க்கும் நிதானமாகப் படித்துப் பதில் போடும்.

ஆனால் எழுத்தும் எல்லாவற்றையும் ஈடுகட்டாது. 2020-ன் முதல் பாதியில் மைக்ரோசாஃப்ட்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தகவல் பரிமாற்றத்தை ஆராய்ந்தபோது, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ததால் வேறு குழுக்களோடு இணைந்து செலவிட்ட நேரத்தின் பங்கு சுமார் 25 சதவீதம் சரிந்திருந்தது. டீ குடிக்கப் போன இடத்தில் பக்கத்து டீம்காரர் சொல்லும் செய்திக்கு காலண்டரில் இன்வைட் அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை.