பாடக்குறிப்பை மதிப்பீட்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி ஆசிரியராக இருக்கிறேன். பாடம் கணிதம். அவர்கள் கொண்டுவரும் லெசன் பிளான் ரெக்கார்டில், அதாவது பாடக்குறிப்பேட்டில், உழைப்பு தெரியும். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக்கருவிகள், ஊக்குவித்தல், பாட வளர்ச்சி, கரும்பலகைச் செயல்பாடு, மீள்பார்வை, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என எந்தத் தலைப்பும் விடுபட்டிருக்காது. நான் முதலில் புரட்டிப் பார்ப்பது மதிப்பீட்டுப் பகுதியைத்தான். பெரும்பாலும் அங்கே இரண்டு மூன்று கேள்விகள்தான் இருக்கும். 'தசம எண் என்றால் என்ன?', 'ஓர் எடுத்துக்காட்டு தருக'. மற்ற பக்கங்களுக்குக் கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கொடுக்கப்படவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதற்கு மாணவ ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரெக்கார்டில் தலைப்புகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையிலேயே எழுதுகிறார்கள். மதிப்பீடு கடைசிப் பக்கத்தில் வருவதால் கடைசியாக, களைத்துப்போன பிறகு எழுதப்படுகிறது. என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: மதிப்பீட்டுக் கேள்வியை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வகுப்பு முடியும்போது பிள்ளைகள் எதைச் செய்து காட்ட வேண்டும், எங்கே தடுமாறுவார்கள் என்று தெரிந்தால்தான் எந்தத் துணைக்கருவி, எத்தனை எடுத்துக்காட்டு, எதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவெடுக்க முடியும்.

ஏழாம் வகுப்புத் தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். 0.5, 0.35 இவற்றில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பில் கணிசமான பிள்ளைகள் 0.35 என்பார்கள். ஐந்தைவிட முப்பத்தைந்து பெரியது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நாமே 'பாயிண்ட் முப்பத்தைந்து' என்று வாசித்து அந்த எண்ணத்துக்கு உரம் போடுகிறோம். 'பூஜ்ஜியம் புள்ளி மூன்று ஐந்து' என்று வாசிக்க வேண்டும் என்பதை ஊக்குவித்தல் பகுதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவறு எல்லோர் கண்ணிலும் படும். படாத இன்னொன்று உண்டு. அதே கேள்விக்கு 0.5 என்று சரியாகச் சொல்லும் பிள்ளையிடம் 'எப்படிம்மா சொல்றே?' என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள், 'புள்ளிக்குப் பின்னாடி நிறைய எண் இருந்தா அது சின்னது மிஸ்' என்பார்கள். பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். அது சரிதான். அதைப் பாதியில் பிடித்துக்கொண்டு, நூறில் எத்தனை பங்கு என்று பார்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு நாம் முழு மதிப்பெண் போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

இப்போது 0.62, 0.4 இவற்றில் எது பெரியது என்று கேளுங்கள். முதலில் தவறிய பிள்ளை 0.62 என்று சரியாகச் சொல்லிவிடும், அறுபத்திரண்டு பெரியது அல்லவா. முதலில் சரியாகச் சொன்ன பிள்ளை இப்போது 0.4 என்று தவறும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தவறைப் பிடிக்கிறது, மற்றதை மறைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். மூன்றாவதாக 0.4, 0.40 என்று மதிப்பில் சமமான ஒரு ஜோடியையும் வைத்தால் இன்னும் தெளிவாகிவிடும்.

இந்த மூன்று ஜோடிகளும் கையில் இருந்தால் பாடக்குறிப்பின் மற்ற பகுதிகள் தாமாக உருவாகும். துணைக்கருவி என்ன? வண்ணச் சார்ட் வேண்டாம், ஒரு கிராஃப் தாள் போதும். பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து 0.4 என்றால் 40 கட்டம், 0.62 என்றால் 62 கட்டம் என்று பிள்ளைகளே வண்ணம் தீட்டட்டும். 0.35, 0.5 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தீட்டட்டும். இரண்டு தவறுகளும் ஒரே தாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரூபாய், பைசாவை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலையை எப்போதும் 5.50 என்று இரண்டு இலக்கத்தோடுதான் எழுதுகிறோம். இலக்கங்களின் எண்ணிக்கை மாறுபடும்போதுதானே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? அந்தத் தடுமாற்றம் ரூபாய்க் கணக்கில் வெளியே வராது. மீட்டர் அளவுகோல் அதைவிட நல்லது, 0.5 மீட்டர், 0.35 மீட்டர் என்று இலக்கம் மாறுபட எழுதலாம்.

சிறப்பு நோக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 'மாணவர் தசம எண்களைப் பற்றி அறிந்துகொள்வர்' என்று எழுதினால் அறிந்தாரா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? 'இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் இரு தசம எண்களை ஒப்பிட்டு, காரணம் கூறுவர்' என்று எழுதினால் அதற்கான கேள்வி கூடவே வந்துவிடுகிறது. கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரித்து அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1956இல் வெளியிட்ட வகைப்பாடும், 2001இல் திருத்தப்பட்ட அதன் வடிவமும் கல்லூரியில் பாடமாக இருக்கின்றன. பட்டியலில் உள்ள வினைச்சொற்களை ரெக்கார்டுக்குள் வரிசையாகப் பெயர்த்து வைப்பதற்காக அவை பாடமாக்கப்படவில்லை. நோக்கமும் கேள்வியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கத்தான்.

வகுப்பு நடக்கும்போது 'புரிஞ்சுதா?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 'புரிஞ்சுது மிஸ்' என்று வகுப்பே சேர்ந்து சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் அந்த மூன்று ஜோடிகளுக்கும் விடை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவற்றை அடுக்கினால் மூன்று நான்கு கட்டுகளாகப் பிரிந்துவிடும். மறுநாள் பாடக்குறிப்புக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் பிள்ளைகள் பக்கத்துச் சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

மதிப்பெண் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளை எந்த அளவு புரிந்துகொண்டது என்பதைத் தொடர்ச்சியாக மதிப்பிடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு இது நடைமுறைக்கு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவில் வைக்கும் தேர்வு) 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் வந்த அந்த 40 மதிப்பெண், பல இடங்களில் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய படங்களுக்கும் அப்பா அம்மா வரைந்த சார்ட்டுகளுக்கும் போய்ச் சேர்வதைப் பார்க்கிறோம். வளரறி மதிப்பீடு என்ற பெயருக்கு உண்மையாகத் தகுதி உள்ளது அந்தத் துண்டுச்சீட்டுதான் என்பது என் உறுதியான கருத்து.

பி.எட்.டில் தேர்வும் அளவீடும் என்று தனியாக ஒரு ரெக்கார்டு உண்டு. வினாத்தாள் வரைவுத் திட்டம் போட்டு, தேர்வு வைத்து, சராசரி, திட்டவிலக்கம் கண்டுபிடித்து, நிகழ்வெண் பலகோணம் வரைவார்கள். கணக்கு பிழையில்லாமல் இருக்கும். ஆனால் எத்தனை பேர் ஐந்தாம் கேள்வியில் தவறினார்கள், எல்லோரும் ஒரே மாதிரித் தவறினார்களா என்று கேட்டால் பதில் வராது. வகுப்புச் சராசரி 52 என்பதை வைத்து நாளைக்கு யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்று கண்டறியும் குறையறி சோதனையும் அதைச் சரிசெய்யும் குறைதீர் கற்பித்தலும் அதே பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பயிற்சியின் முதல் வாரத்திலேயே குறையறி சோதனையை வைத்துவிட்டால் மீதி வாரங்களுக்கு அது வழிகாட்டும். கடைசி வாரத்தில் ரெக்கார்டுக்காக வைத்தால் குறையைத் தீர்க்க நாள் இருக்காது.

நோட்டுத் திருத்தும்போது தவறான விடையின் மேல் பெருக்கல் குறி மட்டும் போட்டு நகராதீர்கள். எல்லா நோட்டிலும் எழுத நேரம் இருக்காது, தெரியும். ஒரு நாளைக்கு ஐந்தாறு நோட்டுகளைத் தேர்ந்தெடுத்து, '0.62இல் நூறில் எத்தனை பங்கு? வண்ணம் தீட்டிப் பார்' என்று ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை அதைச் செய்து மறுபடி காட்ட வேண்டும். 'நன்று', 'முயற்சி செய்' என்பவை அன்பானவை, ஆனால் அடுத்து என்ன செய்வது என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை.

வழிகாட்டி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் முன், 'நேற்றைய வகுப்பைப் பார்த்த பிறகு இன்றைய பாடக்குறிப்பில் எதை மாற்றினீர்கள்?' என்று கேட்போம். எதையும் மாற்றவில்லை என்றால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம், யாரும் மாற்றச் சொல்லித் தராததாகவும் இருக்கலாம். அடித்தல் திருத்தல் உள்ள பாடக்குறிப்புக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் பள்ளியில் கிடைப்பது 16 வாரம். அதில் விடுமுறை, பள்ளித் தேர்வு, ஆண்டு விழா போக மிஞ்சும் வகுப்புகள் குறைவு. பயிற்சிக்கு வரும் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கேட்டு, பிள்ளைகளின் போன பருவத்து விடைத்தாள்களை வாங்கிப் படித்துவிடுங்கள். முதல் பாடக்குறிப்பை அதற்குப் பிறகு எழுதலாம்.